வாசலில் ஒரு சரிவு

இத்தாலியில், லிபெர்த்தா வீதியில் எங்கள் வாசலுக்கு முன்னால் இருந்த நடைபாதையின் உயரமான ஓரக்கல்லை இன்று உடைத்துச் சரிவாக்கிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அப்படியொரு சந்தோசம். அவர் பராமரிக்கும் வீட்டுக்கார மூதாட்டி சின்யோராவை ஞாயிறுதோறும் சக்கர நாற்காலியோடு அந்தக் கல்லில் ஏற்றி இறக்கித்தான் அவருடைய முதுகு போனது.

"பார் பிள்ளை, சின்யோராவின்ரை மகன் நான் படுற பாட்டைக் கண்டிருக்கிறார். மடு மாதாதான் அவரின்ரை மனசுக்குள்ளை பூந்திருக்கிறா. இந்தா, வேலை செய்யிற ஆக்களுக்குக் கோப்பி கொண்டுபோய்க் குடு."

"ஓம் அம்மா" என்று கொண்டுபோனேன்.

அங்கே அந்த மகன், முற்றத்து அறையைக் காட்டி மேசனிடம் இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மம்மாவை முதியோர் இல்லத்தில் விடப்போகிறேன். பிறகு அந்தச் சரிவில் ஏறி என் கார் இதற்குள்தான் நிற்கும்."

அது நானும் அம்மாவும் படுக்கிற அறை.

என்னைக் கண்டதும் அவர் கோப்பியை வாங்கிக்கொண்டு, "உன் அம்மாவிடம் நானே சொல்வேன். நீ வாயைத் திறக்காதே" என்றார்.

நாளை பூசைக்கு அந்தச் சரிவில் நாற்காலியைத் தள்ளிப்போகும் ஆசையோடு அம்மா தூங்குகிறார். எனக்குத்தான் பயத்தில் தூக்கம் வரவில்லை.

நீங்கள் என்றால் பூசைக்கு முன் சொல்வீர்களா, பின் சொல்வீர்களா?

தமிழிலேயே பதில் எழுதுங்கள். இது சின்யோராவின் மகனுடைய கம்ப்யூட்டர்.