துவக்குக்காரர் விருந்தில் விழுந்த சீட்டு

1. பீங்கான் உடைக்கிற இடம்

கிளப்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் மேசைக்குக் கீழே போய் இருந்துவிட்டேன். கையில் இரண்டு கிளாஸ். இரண்டும் உடையவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பகேரியா ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிற சுடும் கிளப் அது. இயந்திரம் ஆகாயத்தில் எறிகிற செம்மஞ்சள் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுட்டு உடைப்பார்கள். அந்தத் தட்டுக்கு இத்தாலியனில் பியத்தெல்லோ என்று பெயர். சின்னப் பீங்கான் என்று அர்த்தம். அதற்கு முன் பதினொரு வருடம் பலேர்மோவில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரித்தேன். அவர் இறந்தபின் கிடைத்த வேலை இது: குசினி, சாப்பாட்டு மண்டபம், துப்புரவு. கிளப்பின் தலைவி சிஞ்ஞோரா மார்செல்லா தொலைபேசியில், "ஞாயிற்றுக்கிழமையளிலை நிறையப் பியத்தெல்லோ உடையும்" என்று சொன்னார். கவனமில்லாத சனம் போலிருக்கிறது என்று நினைத்து, உடைந்த பீங்கான் பொறுக்கத் தடித்த கையுறையும் கொண்டு போயிருந்தேன்.

முதல் வெடி கேட்டதும் மேசைக்குக் கீழே போய்விட்டேன். மன்னாரில் வளர்ந்து போரைக் கண்ட என் வயதுக்காரருக்கு அந்த நேரத்தில் கால் மூளையைக் கேட்காது.

மார்செல்லா வந்து குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "இப்ப வெளியிலை வாங்கோ எண்டு சொல்லமாட்டன். சத்தம் நிண்ட பிறகு வாங்கோ" என்றார். மறுநாள் ஆள் இல்லாத மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இயந்திரத்தையும் தட்டுகளையும் காட்டினார். நான் ஒன்றுதான் கேட்டேன்: "தொடங்க முதல் எனக்குச் சொல்லேலுமோ?"

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவரே குசினி வாசலுக்கு வந்து, "ஜெசி, அஞ்சு நிமிசத்திலை தொடங்குவம்" என்பார். சொல்லிவிட்டு வருகிற சத்தம் வேறு, சொல்லாமல் வருகிற சத்தம் வேறு. அங்கே பதினாறு வருடம் வேலை செய்தேன்.

2. விருந்துக்கு என்ன வேண்டும்

வருடத்துக்கொரு முறை, வேட்டைக்காலம் தொடங்குமுன், ஒரு ஞாயிறு மத்தியானம் கிளப்பில் நிதி சேர்க்கும் விருந்து நடக்கும். அன்று யாருக்கும் சம்பளம் இல்லை. மேசை தூக்குகிறவர், கார் நிறுத்தக் கை காட்டுகிறவர், எல்லாரும் தொண்டர்கள். சாப்பிட்டு முடிந்ததும் லொத்தர் குலுக்கல். உப்பிட்ட பன்றித்தொடை, ஒலிவ் எண்ணெய், நாய்ச் சாப்பாட்டு மூட்டை, வேட்டைச் சட்டை என்று இருபது முப்பது சின்னப் பரிசுகள். முதற்பரிசு ஒரு துவக்கு. நகரத்தில் துவக்குக் கடை வைத்திருக்கிற சிஞ்ஞோர் ரொசாரியோ அதை அன்பளிப்பாகக் கொடுப்பார்.

மூன்றாவது வருடமே விருந்தின் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார்கள், யாரை யாரோடு ஒரே மேசையில் இருத்தக்கூடாது என்பது எனக்குத்தான் தெரிந்திருந்தது.

பொறுப்பை எடுத்தபோது மூன்று விதி சொன்னேன். துவக்கு எல்லாம் பூட்டிய பிறகுதான் வைன் போத்தல் திறக்கப்படும். மண்டபத்துக்குள் ஒரு துவக்கும் வரக்கூடாது, பரிசுத் துவக்கு உட்பட; அதன் படம் மட்டும் போதும். மூன்றாவது, குசினிக்குள் யாரும் வந்து ருசி பார்க்கக்கூடாது.

ரொசாரியோவுக்கு இரண்டாவது பிடிக்கவில்லை. "துவக்கைக் காணாமல் ஆர் சீட்டு வாங்குவினம்?" என்றார்.

"சாப்பாட்டைக் காணாமல்தானே சாப்பாட்டுக்குக் காசு கட்டுகினம்" என்றேன்.

சீட்டு எல்லாம் விற்றுப்போனது. மூன்றாவது விதியைத்தான் ஒருவரும் மதிக்கவில்லை. எங்கள் தேவாலயத்துப் பெண்கள் நாலைந்து பேர் என்னோடு சமைக்க வருவார்கள். மீன் கட்லெட் பொரிக்கத் தொடங்கினால் வேட்டைக்காரர் முழுப்பேரும் வாசலில் நிற்பார்கள்.

3. மூன்று படி

நீனோ மேசன் வேலை செய்கிறவர். கிளப்பிலேயே திறமாகச் சுடுகிறவரும் அவர்தான். ஒருநாள் வேலைத்தலத்தில் சாரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

எட்டு மாதம் கழித்து அவர் மனைவி அகாத்தா தனியாகக் கிளப்புக்கு வந்து, அவருடைய அலுமாரித் திறப்பை மேசையில் வைத்தார்.

"ஏன் திருப்பித் தாறியள்?" என்று கேட்டேன்.

"போன ஞாயிறு காரிலை வாசல் வரைக்கும் வந்தவர். அந்த மூண்டு படியையும் பாத்திட்டு, வீட்டை போவம் எண்டிட்டார்."

சுடுகிற மேடைக்கு ஏற மூன்று படி இருந்தது. பத்து வருடத்தில் ஆயிரம் தரம் கூட்டியிருப்பேன். அவை படிகள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த கூட்டத்தில் மார்செல்லாவிடம், இந்த வருட விருந்து சக்கர நாற்காலி ஏறக்கூடிய ஒரு மேடைக்காக இருக்கட்டும் என்று கேட்டேன். கழிவறை வாசலையும் அகலமாக்க வேண்டும். ஒருவரும் மறுக்கவில்லை.

4. வெட்டப்பட்ட வரி

சீட்டின் பின்பக்கத்தில் விதிகள் அச்சடிப்போம். வழக்கமான வரி இது: முதற்பரிசான துவக்கை, செல்லுபடியாகும் துவக்கு அனுமதிப்பத்திரம் காட்டிக் கடையில் பெற வேண்டும். அந்த வருடம் அதன் கீழே நான் இன்னொரு வரி எழுதினேன். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் அதே பெறுமதிக்குக் கடையில் வேறு பொருள் எடுக்கலாம்.

செயலாளர் கார்மெலோ ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நல்ல மனுசன், ஆனால் வீண் சொல் கண்டால் சிவப்புப் பேனை எடுப்பார்.

"ஜெசி, இஞ்சை வாற எல்லாரிட்டையும் அனுமதி இருக்கு. இந்த வரி ஆருக்கு? எடுத்தமெண்டா எழுத்தைப் பெரிசாப் போடலாம்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றேன்.

5. நூற்று எழுபத்தாறு

விருந்து அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நீனோவும் வந்தார். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மண்டப வாசற்படி ஏற்றினார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று அவர் விரும்பியிருப்பார்.

குசினியில் புஷ்பம் அக்கா கட்லெட் பொரித்தார். அவரும் மன்னார்தான். பலேர்மோவில் போர்கோ வெக்கியோப் பகுதியில் இருக்கிறார். விடியப்புறம் துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் வந்ததும் உள்ளே போய்ப் படிக்கட்டும் கபினும் கழுவுகிற வேலை. ஐந்தாம் மேசையிலிருந்த ஒரு வயதான எஞ்சினியர் குசினிக்கு வந்து, கட்லெட்டுக்கு நன்றி சொல்லி, தான் வாங்கிய லொத்தர்ச் சீட்டுகளில் ஒன்றைக் கிழித்து அக்காவின் ஏப்ரன் பையில் வைத்துவிட்டுப் போனார்.

மார்செல்லா முதற்பரிசுச் சீட்டை எடுத்து வாசித்தார். "நூற்று எழுபத்தாறு."

ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் தரம் வாசித்தார். அப்போதுதான் குசினிக் கதவு திறந்தது. புஷ்பம் அக்கா ஈரக் கையில் சீட்டைப் பிடித்தபடி வந்து என் காதருகே கேட்டார்.

"பிள்ளை, இது எங்கடை நம்பர் மாதிரிக் கிடக்கு. பார் ஒருக்கா."

பார்த்தேன். நூற்று எழுபத்தாறு.

எஞ்சினியர் கை தட்டினார். அவரோடு சிலர் தட்டினார்கள். முன் மேசையிலிருந்து ஒருவர் எழும்பி, "அந்த மனுசியிட்டை பெர்மெஸ்ஸோ இல்லை! திருப்பிக் குலுக்குங்கோ!" என்று கத்தினார். துவக்கு அனுமதியைத்தான் சொன்னார். வேறு சிலரும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். "பெர்மெஸ்ஸோ இல்லை, பெர்மெஸ்ஸோ இல்லை."

அக்காவின் முகம் வெளிறிப்போனது. திரும்பிக் குசினிக்குள் ஓடினார். பயந்து போய்விட்டார் என்று நினைத்தேன். கைப்பையோடு திரும்பி வந்தார். அதற்குள்ளிருந்து தன் வதிவிட அனுமதி அட்டையை, அதற்கும் பெர்மெஸ்ஸோ என்றுதான் பெயர், எடுத்து, மண்டபம் முழுக்கத் தெரிய உயர்த்திப் பிடித்தார்.

"இருக்கு! பெர்மெஸ்ஸோ இருக்கு! போன மாசம்தான் குவெஸ்தூராவிலை புதுப்பிச்சனான்!"

குவெஸ்தூரா என்கிற அந்தப் பொலிஸ் அலுவலக வரிசையில் எத்தனை விடியற்காலை நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

கார்மெலோ என்னிடம் வந்தார். "அனுமதி இல்லாதவைக்கு எண்டு விதியிலை ஒண்டும் இல்லை, ஜெசி. திருப்பிக் குலுக்காட்டில் சனம் சீட்டுக்காசைத் திருப்பிக் கேக்கும். பிறகு மேடை இல்லை."

அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டு மேசைக்காரர் ஏற்கெனவே எழும்பி நின்றார்கள். நான் அக்காவை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய், என்ன நடக்கிறது என்று தமிழில் விளங்கப்படுத்தினேன்.

"நீங்கள் என்ன சொல்லுறியள் அக்கா? எடுக்கிறியளோ, விடுறியளோ?"

"துவக்கை நான் கையாலையும் தொடமாட்டன், அது உனக்குத் தெரியும்" என்றார். பிறகு மண்டபத்தைப் பார்த்தார். "ஆனா பிள்ளை, எனக்கு விழுந்தது. விழேல்லை எண்டு நான் ஏன் சொல்லோணும்?"

எனக்கு அது போதும். மைக்கை எடுத்தேன். "சீட்டு சரியானது. முதற்பரிசு இந்த சிஞ்ஞோராவுக்கு. துவக்கு கடையை விட்டு வெளியிலை வராது. அதே பெறுமதிக்குக் கடையிலை வேற பொருள் எடுப்பா. இந்த விதியை நான் சீட்டிலை போட்டிருக்கோணும். போடாதது என்ரை பிழை."

கத்தியவர் விடவில்லை. "அப்ப என்ரை காசைத் தாங்கோ!"

அப்போது நீனோ பேசினார். அவர் விழுந்ததிலிருந்து அவர் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"என்ரை மேடைக்காகத்தானே இந்த விருந்து? அந்த மனுசிக்கு விழுந்ததைப் பறிச்சுத்தான் எனக்கு மேடை கட்டோணும் எண்டால், கட்டாதையுங்கோ. நான் வீட்டை போறன்."

ரொசாரியோ தன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்து, அக்காவுக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றினார். "என்ரை கடையிலை என்ன வேணும் சிஞ்ஞோரா?"

அக்கா யோசிக்கவே இல்லை. கீழே பார்த்து அவருடைய வேட்டைச் சப்பாத்தைக் காட்டினார்.

"இது தண்ணியிலை வழுக்குமோ?"

"வழுக்காது. சேத்திலையும் வழுக்காது."

"அப்ப இதிலை ஒன்பது சோடி. கப்பல் கழுவப் போறது நாங்கள் ஒன்பது பேர். மாசத்துக்கு ஒருத்தியாவது விழுறாள்."

ரொசாரியோ விரலில் கணக்குப் பார்த்தார். "ஒன்பது வரும். சப்பாத்துத் தோலுக்குப் பூசுற நெய்யும் தாறன்."

முதலில் கை தட்டியது கார்மெலோ. காசைத் திருப்பிக் கேட்டவர் கேட்டபடியே வாங்கிக்கொண்டு போனார். அவரைத் தவிர வேறு ஒருவரும் கேட்கவில்லை.

6. பிறகு

மேடை குளிர்காலத்தில் கட்டி முடிந்தது. சாய்தளத்தின் சரிவு கூடிவிட்டது என்று நீனோ தானே நின்று, மன்னிக்க வேண்டும், தானே இருந்து மேற்பார்த்து, இரண்டு தரம் உடைப்பித்தார். மேசன் மேசன்தான். வசந்தத்தில் ஒரு ஞாயிறு அவர் முதல் தரம் சுட்டார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். முதல் தட்டு தப்பியது. இரண்டாவதும் தப்பியது. அகாத்தா வேறு பக்கம் திரும்பிவிட்டார். ஆறாவது உடைந்தது. பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அன்று மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

துறைமுகத்தில் ஒன்பது பெண்கள் வேட்டைக்காரச் சப்பாத்தோடு கப்பல் ஏறினார்கள். கனம் என்று முதல் வாரம் முழுக்க அக்கா எனக்குத் தொலைபேசியில் முறைப்பாடு சொன்னார். அதற்குப்பின் சொல்லவில்லை.

கார்மெலோ அடுத்த வருடச் சீட்டை எழுதிக்கொண்டு வந்து காட்டினார். வெட்டிய வரி திரும்ப வந்திருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே. "என்னை மன்னிக்கோணும், ஜெசி" என்றார். நான் அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

நான் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் தேவாலயத்திலும் சங்கங்களிலும் விருந்து நடத்துகிற இளையவர்கள் எத்தனை கிலோ அரிசி, எத்தனை கதிரை என்று என்னிடம் கேட்பார்கள். அதெல்லாம் ஒரு வருடம் பிழையாகப் போனால் அடுத்த வருடம் சரிவரும். நான் சொல்வது வேறு. விதியை அச்சுக்குக் கொடுக்குமுன் குசினிக்குள் கொண்டுபோய்ச் சத்தமாக வாசியுங்கள். பாத்திரம் கழுவுகிறவர் நிமிர்ந்து பார்த்து, "அப்ப எனக்கு விழுந்தால்?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு அச்சடியுங்கள்.

'இஞ்சை வாற எல்லாரும்' என்று கார்மெலோ சொன்னபோது அவர் எங்களை எண்ணவில்லை. அது அவருக்குப் பழக்கம். தலையாட்டிய நானும் எண்ணவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அதன்பின் கடைசி விருந்து வரைக்கும், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று யார் கேட்டாலும், குசினியிலிருந்துதான் எண்ணத் தொடங்கினேன்.