வெள்ளையாக விட்ட இடம்

பிரான்ஸில் வழி கேட்டால் இடது, வலது என்பார்கள். கிழக்கு மேற்கு எவருக்கும் தெரியாது. ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் மளிகைக் கடைக்குத் தினமும் தக்காளி வாங்க வரும் பிரெஞ்சுக் கிழவர், நான் 'மெஸ்யூ', அதாவது ஐயா, என்று கூப்பிடுபவர், புதுத் தபால் ஆபீஸ் எங்கே என்று ஒருநாள் கேட்டார். மேற்கால போய் வடக்கால திரும்பச் சொன்னேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்று மழை வராது என்றார்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எந்த ஏரிக்கு மதகு எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால், மகள் யுனிவர்சிட்டியில் புவியியல் படிக்கப்போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"ஊரு பேரு மனப்பாடம் பண்ணவா அவ்ளோ பெரிய படிப்பு? என்னாண்ட கேளு, ஒரே நாள்ல சொல்லித் தர்றேன். நா ஒத்துக்கமாட்டேன்."

"பேரு இல்லப்பா. ஒரு எடம் ஏன் அங்க இருக்குது, யாரு கண்ணுக்குத் தெரியுது, யாருக்குத் தெரியல, அதான் படிப்பு."

"ஊரு ஏரியெல்லாம் தெரியும் இவருக்கு. ஊட்ல உப்பு டப்பா எங்கன்னு கேளு" என்றாள் என் மனைவி.

பிறந்த ஊரை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னாள் மகள். அரை மணியில் முடித்தேன். மயிலம் மலை, ஏரி, பம்புசெட்டு, திண்டிவனம் பஸ் திரும்பும் வளைவு, வேர்க்கடலை விளையும் எங்கள் மல்லாட்டைக் கொல்லை. செடியைப் பிடுங்கும்போது எழும் ஈரமண் வாசனை, இந்த ஆறாவது மாடிக்கே வந்துவிட்டது.

மெஸ்யூவிடமும் இதே போல இந்த ஊரை வரைந்து வாங்கியிருந்தாள்; அதை எடுத்துக் காட்டினாள். மாதாகோயில், பள்ளி, ஆறு, ஸ்டேஷன். தண்டவாளத்துக்கு இந்தப் புறம், எங்கள் குடியிருப்பும் என் கடையும் இருக்கும் இடத்தில், வெறும் வெள்ளைத்தாள்.

"முப்பது வருசமா இங்க கடை வச்சிக்கினு இருக்கறேன்! தெனமும் வர்ற மனுசன், நா கண்ணுக்குத் தெரியலியா?"

மகள் என் படத்தை இழுத்து, ஏரிக்கும் ரோட்டுக்கும் நடுவே விரலை வைத்தாள்.

"இங்க யாரும் இல்லியாப்பா?"

அங்கே காலனி. எங்கள் மல்லாட்டையைப் பிடுங்கிக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அங்கிருந்துதான் வந்தார்கள். ஒவ்வொருவர் பெயரும் தெரியும். அவர்கள் எங்கள் கொல்லைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டார் யாரும் அங்கே கால் வைத்ததில்லை.

"நீ போய்ப் படிம்மா" என்றேன்.

அவள் போனபின் பென்சிலை எடுத்தேன். ரோட்டிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். உள்ளே எத்தனை தெரு, கிணறு எந்தப் பக்கம்? காலனி முனையிலேயே கோடு நின்றுவிட்டது. நான் பிறந்த ஊரில், அதற்கு மேல் எனக்கு வழி தெரியாது.