படையல் முட்டை

எங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் கறிச்சோறு. உயிரோடிருந்த எங்களுக்கும் அநேகமாக அன்றைக்குத்தான். அதனால் மாமாவுக்கு வருஷப் படையல் வந்தபோது, நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்குத் துக்கத்தைவிட நாக்கில் ஊறிய எச்சில்தான் அதிகம்.

மாமா என்றால் அப்பாவின் தங்கச்சி புருஷன். காவாந்தண்டலம் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டினார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். வரும்போதெல்லாம் எனக்கு மிக்சர் பொட்டலம் உண்டு. குடிப்பார். சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனவர், ஒரு நாள் குடித்த வேகத்தில் பைக்கோடு ஏரிக்கரையிலிருந்து உருண்டுவிட்டார்.

அத்தை எங்களோடு வந்துவிட்டாள். சாவு வீட்டில் மற்ற பெண்கள் மாரடித்து அழ, அவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவரைக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் ஆகாத காரியம். மாலை போட்ட போட்டோவுக்குள் போனதும் மாமா சாராய வாசனையே அறியாதவர்போல ஆகிவிட்டார். தங்கமான மனுஷன் என்றது தெரு. அத்தையும் அதையேதான் சொன்னாள். திட்டியதெல்லாம் தன்னைத்தான்.

"நான் பொறுப்பில்லாதவ. சொன்ன சொல்லக் காப்பாத்தாதவ. குடும்பத்த நடுத்தெருவுல வுட்டவ."

இதைக் கேட்டு எனக்கு ஒரே குழப்பம். நடவுக்கு முதல் ஆளாக இறங்கிக் கடைசி ஆளாகக் கரையேறுகிறவள் அத்தை. அவளே பொறுப்பில்லாதவள் என்றால் நாங்களெல்லாம் எந்தக் கணக்கு?

சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. "இப்டியே போனா இதுவும் அவரு பின்னாடியே பூடும்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தை மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட வேலை.

செங்கல்பட்டில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார்கள். உத்திரமேரூரில் பஸ் ஏறி நானும் துணைக்குப் போவேன். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பார்கள். ஆனால் அந்தக் கதவு சரியாக மூடாது. மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு சரி, ஊசி கிடையாது. அத்தையைப் பேசவிட்டு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "கத கேக்கறதுக்கு ஒரு டாக்டரா? நம்ம தெருவுல இல்லாத காதா?"

ஒரு தடவை டாக்டரம்மா மெதுவாக, "அவர் மேல உங்களுக்குக் கோவமே வந்ததில்லையா?" என்று கேட்டார். அத்தை விருட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, "செத்த மனுசன் மேல கோவமாம். படிச்ச பொம்பள கேக்கற கேள்வியப் பாரு" என்றாள். ஆனாலும் அடுத்த முறை போக அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

பிறகு வந்தது படையல். சிரித்துக்கொண்டிருந்த மாமா போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலையில் கறிக்குழம்பு, வறுவல், மாமாவுக்குப் பிடித்த அவித்த முட்டை இரண்டு. பக்கத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டில். அப்பா கற்பூரம் ஏற்றினார். அத்தை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அதை எடுத்து வாசலில் வீசினாள்.

"பொறுப்பில்லாதவனே! சாயங்காலம் வந்துடறேன்னு சொல்லிட்டுதானய்யா போன? சொன்ன சொல்லக் காப்பாத்துனியா? என்ன நடுத்தெருவுல வுட்டுட்டு, அங்க குந்திக்கினு சிரிக்கிறியே!"

உடம்பெல்லாம் ஆடியது. தலைமுடி அவிழ்ந்துவிட்டது. அப்பா பயந்து கையெடுத்துக் கும்பிட்டார். "மச்சான், நீங்களா வந்துகீறீங்க? இன்னா கொற வச்சோம்? சொல்லுங்க, செஞ்சிடறோம்." அம்மா திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்தாள்.

அத்தை தட்டைத் தள்ளிவிட்டாள். "மச்சானும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான்தாண்ணா பேசறேன். உன் தங்கச்சி."

அப்புறம்தான் அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மாமா பேரைச் சொல்லிக் கொஞ்சினாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தாள். காக்காய்க்கு வைக்காமல் படையலைத் தொடவே கூடாது. அவள் முட்டையை எடுத்துத் தின்றாள். இரண்டையும்.

வளர்ந்த பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். மனச்சோர்வைப் பற்றி மனப்பகுப்பாய்வுக்காரர்கள் சொன்ன ஒன்றைப் படித்தபோது அத்தை கண்முன் வந்து நின்றாள். போய்விட்டவர் மேல் பாசமும் இருக்கும், ஆத்திரமும் இருக்கும். ஆத்திரத்தைக் காட்ட ஆள் இல்லாதபோது மனசு அதைத் தன்மேலேயே திருப்பிக்கொள்ளுமாம். எல்லார் சோர்வுக்கும் இதுதான் காரணம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. எங்கள் அத்தைக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. வருஷம் பூராவும் அவள் தன்னைத் திட்டிய வார்த்தைகள் எல்லாம் மாமாவுக்குச் சேர வேண்டியவை. டாக்டரம்மா அதை அவளுக்குச் சொல்லித்தரவில்லை, கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அதற்குப் பிறகும் அத்தை வெகுநாள் செங்கல்பட்டுக்குப் போய்வந்தாள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அந்த முட்டையில் ஒன்று எனக்கு வர வேண்டியது. சாமிக்கு வைத்ததை இப்படி அள்ளித் தின்கிறாளே என்று மூலையில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். அவளும் முட்டைக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.