இருபத்து மூன்றாவது கிளிப்

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கேளுங்கள். இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் சரியாக இரண்டு நாற்பதுக்கு. ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. நடந்தது என் கூடப் பிறந்த அக்காவுக்கு. இதில் ஒரு வார்த்தை நான் கூட்டிச் சொன்னாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அறுபது மெஷின் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி அவள் குரல் கடைசி மெஷின்வரை கேட்கும். அதனால் அவளுக்கு அங்கே பெயரே ‘சைரன்’தான். அதே லைனில் காலர் தைக்கிறவள் நான். தங்கச்சி என்று ஒரு நாள்கூடச் சலுகை காட்டியதில்லை, மகராசி.

அவள் தொண்டையில் முதலில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. அப்புறம் கோலிக்குண்டு அளவாயிற்று. பரிசோதனை முடிவில் புற்றுநோய் என்றார்கள்.

“எடுத்துடலாம்மா. ஆனா கட்டி குரல் நரம்பை ஒட்டிக்கிட்டு இருக்கு” என்றார் டாக்டர். “குரலுக்கு என்னால உறுதி குடுக்க முடியாது.”

“உயிருக்கு?”

“அதைக் காப்பாத்தத்தானே கத்தி எடுக்கிறேன்.”

வெளியே வந்ததும் அக்கா சிரித்தாள். “குரல் போனா உங்க அறுபது பேரையும் எப்படிடி மேய்க்கிறது? நல்ல விசிலா ஒண்ணு வாங்கி வை.” அப்படிச் சொன்னவள் வீடு போய்ச் சேரும்வரை என் கையை விடவில்லை. அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை சேர்த்தோம். அறையில் இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை. டாக்டர் வந்து அக்கா கழுத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார். நர்ஸ் ஒரு எவர்சில்வர் ஸ்பூனைத் துணி நாடாவால் கட்டில் கம்பியில் கட்டினாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் பேசக் கூடாது. இதால கம்பியில தட்டுங்க. ஒண்ணு தட்டினா தண்ணி. ரெண்டுன்னா வலி. மூணுன்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். மூணு தட்டினா போட்டது போட்டபடி ஓடி வருவோம்.”

அன்று மத்தியானம் அக்கா கண் மூடிப் படுத்திருந்தாள். நான் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

டக்… டக்… டக்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. நான் ஓடிப் போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் வந்து திரையைச் சர்ரென்று இழுத்தாள்.

கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆனால் தலையணை நடுவில் குழி விழுந்திருந்தது. கம்பியில் ஒரு ஸ்பூன் ஆடிக்கொண்டிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

“காத்துல ஆடியிருக்கும்” என்றாள் நர்ஸ். அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் நாடாவைக் கத்தரித்து ஸ்பூனைப் பையில் போட்டுக்கொண்டாள். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி 2.40.

செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். ஐந்து மணி நேரம். அக்கா திரும்பி வந்தபோது கழுத்தில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை தையலுக்குப் பதிலாக வரிசையாக எஃகு கிளிப்புகள். ‘கிளிப் 22’ என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதியிருந்தது. கழுத்திலிருந்து இறங்கிய குழாய் ஒரு சின்ன பாட்டிலில் போய் முடிந்தது. காயத்துக்குள் ஊறுகிற ரத்தம் அதில் வந்து சேர வேண்டும்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குப் பாட்டிலில் ரத்தம் நாற்பது என்ற கோடுவரை இருந்தது. இரண்டு மணிக்கும் அதே நாற்பது.

“ரத்தம் நின்னுடுச்சுக்கா!” என்றேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கட்டிலில் இருந்த ஸ்பூனை அவிழ்த்து அவளுக்குக் கஞ்சி கொடுத்தேன். கொடுத்து முடித்து, கழுவி, ஜன்னலோரம் மேஜையில் வைத்தேன்.

திரும்பக் கட்டவில்லை.

2.25க்கு நான் சாப்பிடக் கீழே இறங்கினேன். இனி வருவது அக்கா பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டியது.

முதலில் கழுத்தில் ஒரு இறுக்கம். காலர் பட்டனை யாரோ அழுத்திப் பூட்டியது மாதிரி. எச்சில் விழுங்கப் பார்த்தாள். இறங்கவில்லை.

மூச்சை இழுத்தாள். ‘கீய்ய்…’ என்று சத்தம் வந்தது. காற்று வரவில்லை.

கழுத்தைத் தொட்டாள். தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவ்வளவு வீக்கம். கல் மாதிரி இருந்தது.

கை ஸ்பூனைத் தேடியது. இல்லை. மேஜையில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. எட்டவில்லை.

கத்தினாள். அறுபது மெஷினை அடக்கிய குரல்… வெறும் காற்றாகக்கூட வரவில்லை.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம்…

டக். டக். டக்.

அங்கேதான் ஸ்பூனே இல்லையே.

டக். டக். டக். டக். டக். டக்.

நிற்கவே இல்லை. யாரும் வரவும் இல்லை. பிறகு சத்தம் சட்டென்று நின்றது.

திரை இந்தப் பக்கம் புடைத்தது. முதலில் ஒரு கை தெரிந்தது. அப்புறம் தலை.

ஒரு பெண். ஆஸ்பத்திரியின் அதே பச்சை அங்கி. முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. கழுத்து தோள் அகலத்துக்கு வீங்கியிருந்தது. அதில் அக்காவுக்கு இருப்பது போலவே கிளிப் வரிசை. நடுவில் ஒன்று மட்டும் இல்லை. அந்த ஓட்டையிலிருந்து கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் கட்டில்மேல் ஏறினாள்.

முழங்காலை அக்காவின் நெஞ்சில் ஊன்றினாள். ஒரு கையால் நெற்றியைப் பின்னுக்கு அழுத்தினாள். மற்றக் கையின் நகம் முதல் கிளிப்புக்கு அடியில் நுழைந்தது.

பிடுங்கினாள்.

டிக்.

அக்கா உதைத்தாள். அடித்தாள். கை ஐஸில் பட்டது மாதிரி விறைத்தது.

டிக். டிக்.

தோல் கிழிந்தது.

டிக். டிக். டிக். டிக்.

சூடாக ஏதோ கழுத்தில் வழிந்தது. அந்த முகம் இவள் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தது. அது அழுதுகொண்டிருந்தது.

ஐந்து விரலும் காயத்துக்குள் போயின.

கட்டி கட்டியாக வாரி வெளியே எறிந்தன.

அக்காவின் கால் பட்டு டிரிப் ஸ்டாண்டு சாய்ந்தது.

தடால்!

சத்தம் கேட்டு ஓடிவந்த நர்ஸ் போட்ட கூச்சல் கீழே சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கே கேட்டது. நான் மேலே வந்தபோது அக்காவைத் தள்ளிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்கள். கழுத்து முழுக்கத் திறந்து கிடந்தது. ஐயோ, அந்தக் கோலத்தை என் எதிரிகூடப் பார்க்க வேண்டாம். ஆனால் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பெரிது பெரிதாக.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார்.

“உள்ளே ஒரு ரத்தக் குழாய் திறந்துக்கிச்சு. டியூப் அடைச்சுக்கிட்டதால ரத்தம் வெளியே வராம கழுத்துக்குள்ளேயே கட்டி மூச்சை நெரிச்சிருக்கு. இந்த மாதிரி ஆனா உடனே கிளிப்பைப் பிரிச்சு ரத்தத்தை வெளியேத்தணும். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா உங்க அக்கா இல்லை.” கொஞ்சம் நிறுத்தினார். “யார் பிரிச்சது?”

எனக்கென்ன தெரியும்? நர்ஸும் தெரியாது என்று தலையை ஆட்டினாள். அக்காவே வலி தாங்காமல் பிய்த்துக்கொண்டாள் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவள் வலது கை டிரிப் ஊசிக்காகப் பலகையில் கட்டியிருந்தது. இடது கை நகங்களை நானே பார்த்தேன். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. நெஞ்சில் மட்டும் முழங்கால் அளவுக்குக் கன்றிப்போயிருந்தது.

அன்று நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஊசி உடைந்தால் லைனை நிறுத்திவிடுவார்கள். உடைந்த துண்டு எல்லாம் கிடைத்து, ஒட்டிப் பார்த்து முழு ஊசி ஆனால்தான் மெஷின் மறுபடி ஓடும். அந்தத் துண்டுகளைத் தாளில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், தைத்தவள் பெயர் எல்லாம் எழுத வேண்டும். பதினாலு வருஷப் பழக்கம். தரையில் உலோகம் சிந்தினால் என் முட்டி தானாக மடங்கிவிடும். அழுதுகொண்டே கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து கிளிப்புகளைப் பொறுக்கினேன். அக்கா கழுத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று தியேட்டரில் சொல்லியிருந்தார்கள். ஆகவே இருபத்திரண்டு கிடைக்க வேண்டும்.

எண்ணினேன். இருபத்து மூன்று.

நான்கு தடவை எண்ணினேன். இருபத்து மூன்று.

இருபத்திரண்டு ஈரமாக, சிவப்பாக இருந்தன. ஒன்று மட்டும் காய்ந்து, கறுத்து, பழசாக இருந்தது. அதன் வளைவில் உடைந்த நகத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது.

அக்கா பிழைத்தாள். ஆறு வாரத்தில் குரல் வந்தது, பாதிதான். “பாதி சைரன் போதும்டி உங்களுக்கு” என்று வேலைக்கும் போய்விட்டாள். காயத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், அந்த அறையைத் துடைக்கிற அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அந்தம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“நீங்க வர்றதுக்குப் பதினோரு நாள் முன்னாடி, திரைக்கு அந்தாண்ட கட்டில்ல ஒரு பொண்ணு. இதே ஆபரேஷன்தான். மத்தியானம் மூணு மூணா தட்டிக்கிட்டே இருந்திருக்கு. எல்லாரும் வேற ஒரு கேஸுக்கு ஓடியிருந்தாங்க. திரும்பி வந்து பார்த்தா முடிஞ்சு போச்சு. ரெண்டு நாப்பதுன்னு எழுதினாங்க.”

“அப்புறம்?”

“உடம்பைத் துடைச்சவ நான்தான்மா. கழுத்துல நடுவுல ஒரு கிளிப் இல்லை. தானே பிடுங்கியிருக்கு, பாவம். ஒண்ணே ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. வலது கையில ஒரு நகம் பாதியா உடைஞ்சு போயிருந்துச்சு. அந்தக் கிளிப்பை ரூம் பூரா தேடினோம். கிடைக்கவே இல்லை.”

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். அந்தம்மாவுக்குக் கட்டில் நம்பர்தான் தெரிந்திருந்தது.

அந்தக் கிளிப் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். தேதி எழுதியிருக்கிறேன். நேரம் 2.40 என்று எழுதியிருக்கிறேன். பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.