நாச்சியார் அத்தை தேடிப் போன படம்

தம்பானூரில் நாச்சியார் அத்தை பெருக்கித் துடைக்கும் லாட்ஜில் அவளுக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. மியூசியத்துக்கும் அன்றுதான் விடுமுறை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பூட்டிய கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினோம்.

"உள்ள இருக்கிற சாமிங்களுக்கும் சேர்த்து லீவு விட்டுட்டாங்க போல" என்றாள் அத்தை.

அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்களுக்கு அடுத்த அறையில் குடியிருக்கிறாள். ஊர் சங்கரன்கோவில் பக்கம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் மலையாளம் பேசுவாளே தவிர வாசிக்க வராது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு ஒரு படத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்ததும் கைக்குழந்தையோடு கல் சுமக்க முடியவில்லை. படம் வரையப் படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தால் கூலி தருவார்கள் என்று யாரோ சொல்ல, ஓர் ஓவியக் கல்லூரிக்குப் போனாள். டீ குடிக்க எழுந்து போய் வந்தால் அதே இடத்தில் கால் வைப்பதற்காக, பாதத்தைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார்களாம். மடியில் ஆறு மாதக் குழந்தை பொன்செல்வி. மூக்குத்தி போட்ட ஒரு மாணவி மட்டும் படம் முடிந்த பிறகு, "சேச்சி, ஒரு நாள் இது மியூசியத்துல இருக்கும்" என்றாளாம்.

பொன்செல்வி பதினோராவது மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒரு வயது முடிவதற்குள் போட்டோ எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஒரு போட்டோகூட இல்லை.

"முன்னெல்லாம் கண்ணை மூடினா வந்துருவா, மக்கா. இப்ப டிவியில வர்ற பிள்ளை மூஞ்சி வருது, ஒன் மூஞ்சி வருது. அவ மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது. ஒரு தடவை பார்த்துட்டா போதும்."

அடுத்த வியாழக்கிழமை அவள் லீவு சொன்னாள். முதலில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் குதிரமாளிகை அரண்மனைக்குப் போனோம். டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிற இடமெல்லாம் அவளுக்கு மியூசியம்தான். அங்கே சிம்மாசனங்களும் ராஜாக்களின் படங்களும் இருந்தன. பிறகு பஸ் பிடித்து மியூசியம் போனோம். வெண்கலச் சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், "வேலைக்குப் போற ஆளு ஒருத்தரும் இல்லியே" என்றாள்.

அதே வளாகத்தில் இருந்த ஓவியக் கூடத்தில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணைக் கண்டால் போதும், அத்தையின் நடை வேகமாகிவிடும். கிட்டே போனதும் நகை போட்ட வேறு யாரோ. அவள் அலைவதைப் பார்த்து ரதீஷ் என்ற ஊழியர் விசாரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"படிக்கிற பிள்ளைகள் வரைஞ்சதெல்லாம் இங்கே வராது மோளே" என்றார். சாஸ்தமங்கலத்தில் ஒரு தனியார் ஓவியக் காலரியில் அந்தக் கல்லூரியில் படித்தவர்களின் பழைய படங்களை இந்த மாதம் வைத்திருப்பதாக அவர்தான் சொன்னார்.

நடந்தே போனோம். வழியில் நான் பயந்துகொண்டே கேட்டேன்: "அத்தை, போட்டோவே வேண்டாம்னு இருந்தீங்க. படம் வரைய மட்டும் எப்படி விட்டீங்க?"

"விடலியே. மொகத்தை வரையக்கூடாதுன்னு சொல்லி முந்தானையைப் போட்டு மூடிட்டேன். அது சும்மா இருந்துச்சா? காலால உதைச்சுத் தள்ளிருச்சு. அந்த மூக்குத்திப் பொண்ணு பார்த்துச் சிரிச்சா. பார்த்தவ வரையாமலா இருப்பா?"

காலரியில் ஆர்ஷா என்ற பெண் மட்டும் இருந்தாள். மூன்றாவது சுவரில் படம் இருந்தது. நாச்சியார் அத்தையேதான், இருபத்தைந்து வயதில். மடியில் குழந்தை. முகத்தின் மேல் முந்தானை. மடிப்புகள்கூட நிஜத்துணி மாதிரி இருந்தன. துணிக்கு வெளியே ஒரு கால் மட்டும் தெரிந்தது.

அத்தை கொஞ்சம் குனிந்து, துணிக்குக் கீழே பார்க்க முடியும் என்பதுபோலப் பார்த்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. படத்தில் இருப்பது அத்தைதான் என்று ஆர்ஷாவிடம் சொன்னேன். அவள் வரைந்தவருக்குப் போன் போட்டு, அத்தை வந்திருப்பதைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தாள். ஷிஜா என்று பெயர்.

"அந்தச் சேச்சியா! எனக்கு நல்லா ஓர்மை இருக்கு" என்றது குரல். "முகம் வேண்டாம்னு சொன்னீங்க அல்லே? வகுப்பெடுத்த மாஷ் என்னை என்னமா திட்டினார் தெரியுமா? முகமில்லாத குழந்தை என்ன குழந்தைன்னு. நான் மாத்தவே இல்ல."

"தனியா நோட்டுல எங்கயாவது வரைஞ்சிருப்பீங்களா, சேச்சி?" என்று நான் கேட்டேன்.

"இல்ல மோளே. வாக்குக் கொடுத்தேன்."

"இப்ப யோசிச்சா வருமா?"

"குழந்தை சிரிச்சது ஓர்மை இருக்கு. முகம் இல்ல." பிறகு குரல் மாறியது. "இப்போ பெரிய பெண்ணாயிருப்பா அல்லே, சேச்சி? என்ன செய்றா?"

அத்தை போனை ஆர்ஷாவின் கையிலிருந்து வாங்கினாள்.

"பிளஸ் டூ எழுதினா. கணக்குல போயிருச்சு" என்றாள். "திருப்பி எழுதச் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. ஒரு இடத்துல இருக்க மாட்டா."

கணக்கில் தோற்றது நான். திருப்பி எழுத மாட்டேன் என்று தினமும் வீட்டில் சண்டை போடுவதும் நான்தான்.

"கூட்டிட்டு வாங்க சேச்சி. இப்போ முகத்தோட வரையறேன்."

"வாறேன் மோளே" என்று சொல்லி அத்தை போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் இருந்தது.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"நான் சொன்னதுக்காகத் திட்டு வாங்கிக்கிட்டு இருந்திருக்கா. அந்தப் பிள்ளை செத்துப்போச்சு, ஒன் படத்துலதான் அதைத் தேடி வந்தேன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?"

வீட்டுப் பக்கம் போகிற கிழக்கேகோட்டை பஸ் வந்தது. அத்தை ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறாமல், காலரி இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.