ஆஸ்பத்திரி சர்வரை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை

டேட்டாபேஸ் அட்மின் வேலையில் போன் அடித்தாலும் பயம், ரொம்ப நேரம் அடிக்காவிட்டாலும் பயம். இதே வேலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் பெயர், வியாதி, மருந்து எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். அது விழாமல், தொலையாமல், திருடு போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதியமான்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வரும்போதே இன்றைக்கு இதில் எது நடக்கப்போகிறதோ என்று யோசித்துக்கொண்டுதான் வருவேன்.

செய்தி வந்த காலை

நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று அதைத் தயாரித்த கம்பெனியே ஒரு நாள் அறிவித்தது. பாஸ்வேர்டு இல்லாமலே வெளியாள் உள்ளே வந்துவிடலாமாம். அதை அடைக்கும் பேட்சை உடனே போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். டீ ஆறிப்போனது தெரியாமல் படித்தேன். திருட நினைப்பவனும் இதையேதான் படித்துக்கொண்டிருப்பான் என்று தோன்றியது.

பேட்ச் போட சர்வரை நிறுத்தியாக வேண்டும். மேலாளர் குமரவேல் சாரிடம் போனேன். இத்தனை நாள் நன்றாகத்தானே ஓடுகிறது, அப்படியே விட்டால் என்ன என்று கேட்டார். விட்டால் நம்மிடம் வந்த ஒவ்வொருவரின் வியாதியும் ஊருக்கே தெரிந்துவிடும் சார் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டோக்கனோடு நின்ற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஞாயிறு மதியம் என்று முடிவானது. நான் கதவைத் திறக்கும்போது சொன்னார்:

"சர்வர நிறுத்திக்குங்கம்மா. ஆனா ஆஸ்பத்திரி நிக்கக் கூடாதுங்க."

பேக்கப் இருந்தது, ஆனால்

பேட்ச் போடும் முன்பு பேக்கப்பைச் சரிபார்க்க வேண்டும். தினமும் காலையில் "பேக்கப் முடிந்தது" என்று மெயில் வரும். எனக்கு முன்பு இருந்தவர் அமைத்துவிட்டுப் போன ஏற்பாடு. நான் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. மெயிலை நம்பாமல் ஒரு உபரிக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிப் பார்த்தேன். பாதியில் நின்றது. முந்தைய நாளுடையதும் நின்றது. அதற்கு முந்தையதும்.

ஹார்டுவேர் பார்க்கும் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன். ஒகேனக்கல் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர்தான் கண்டுபிடித்தார். பேக்கப் போய் விழும் டிஸ்க் எப்போதோ நிரம்பிவிட்டது. ஃபைல் பாதி எழுதி நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று மெயில் மட்டும் ஒழுங்காக வரும். அந்த நிமிடம் சர்வர் செத்திருந்தால் எங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

புது டிஸ்க் மாட்டி பேக்கப்பை ஓடவிட்டோம். அது முடியும் வரை டிபன் பாக்ஸை நான் திறக்கவே இல்லை. மின்விசிறி சத்தம் மாறினால்கூடத் திடுக்கிட்டேன். உபரிக் கம்ப்யூட்டரில் இந்த முறை முழுதாக ஏறியது. மஞ்சுநாத் நாற்காலியில் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்:

"இத்தன நாளா கயித்து மேலதான் நடந்துட்டு இருந்தமா மேடம்? நல்லவேள, கீழ குனிஞ்சு பாக்கல."

எந்த மாதையன்?

ஞாயிறு காலை மறுபடி ஒரு பேக்கப் எடுத்து, அதையும் உபரிக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட்டு, மதியம் சர்வரை நிறுத்தினேன். வார்டுகளில் எல்லாம் பேப்பரில் எழுதினார்கள். பேட்ச் பாதி ஏறியிருந்தபோது அவசரப் பிரிவிலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர் போன் செய்தார். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். காலில் மண்வெட்டி வெட்டிய புண் சீழ் பிடித்து, காய்ச்சலில் நினைவில்லாமல் பிதற்றுகிறார். போன தடவை இங்கே போட்ட ஏதோ ஒரு ஊசியில் முகம் வீங்கி மூச்சே நின்றுவிடப் பார்த்தது என்கிறார் மனைவி. எந்த ஊசி என்று தெரியவில்லை. சீட்டும் இல்லை. டாக்டர் ஊசியைக் கையில் எடுக்காமல் காத்திருக்கிறார்.

பேட்சைப் பாதியில் நிறுத்தினால் சர்வரே எழாமல் போகலாம். உபரிக் கம்ப்யூட்டரில் காலை வரையிலான விவரம் இருந்தது. பெயரைக் கேட்டேன். மாதையன் என்றார் சிஸ்டர். நம் மாவட்டத்தில் மாதையன் என்று தேடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். திரை முழுக்க மாதையன்கள். இங்கிலீஷில் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங். ஒருவருக்குப் பென்சிலின் ஆகாது, இன்னொருவருக்கு சல்ஃபா ஆகாது, பலருக்கு எல்லாமே ஆகும். ஆள் மாற்றிச் சொன்னால் என் வாயாலேயே ஒருவரைக் கொன்றுவிடுவேன்.

மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வயது கேட்டேன், தோராயமாகச் சொன்னார். அவர்களுடைய செல் நம்பரில் ஒன்றும் வரவில்லை. போன தடவை யார் கூட்டிவந்தார்கள் என்று கேட்டேன். கம்பைநல்லூரில் இருக்கும் தம்பி என்றார். தம்பியின் நம்பரை அடித்ததும் ஒரே ஒரு மாதையன் வந்தார். பென்சிலின் ஆகாதவர். அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, திரையில் இருப்பதோடு ஒத்துப்போன பிறகுதான் டாக்டரிடம் சொன்னேன். அவர் வேறு மருந்து போட்டார்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கி மாதையன் தூங்கிக்கொண்டிருந்தார். போனில் பேசியது நான்தான் என்றதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கூருல மாதையான்னு கூப்புட்டா பத்து வூட்டுலருந்து எட்டிப் பாப்பாங்க. நீங்க எங்கூட்டுக்காரரத்தான் பாத்தீங்களான்னு எனக்கு இன்னமும் பயமா இருக்குதுங்க."

திங்கட்கிழமை

பேட்ச் சரியாகவே ஏறியிருந்தது. நான் தம்பியின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோதே அது பாட்டுக்கு முடிந்துவிட்டிருந்தது. மறுநாள் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கப்பை வாராவாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும், ஒவ்வாமை விவரத்தை அச்சடித்து நோயாளி கையிலும் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டுக்கும் குமரவேல் சார் சம்மதித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்:

"அதான் ஒண்ணும் ஆகலயேம்மா, எதுக்கு இன்னும் பயந்த மாதிரியே இருக்கறீங்க?"

ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிற நம்மைப் போன்றவர்கள், வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் கடைசிவரை காரணமில்லாமல் பயப்படுகிறவர்களாகத்தான் தெரிவோம் போலிருக்கிறது.