ஈசான மூலையில் ஒரு செப்புத் தட்டு

பாட்டரித் திராவகத்தின் வாடை மூக்கில் ஏறினால் தொண்டைவரைக்கும் கரிக்கும். எனக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு கோடை முழுவதும் அந்த வாடையோடுதான் கழிந்தது. அரிசி மில் எஞ்சினில் சார்ஜ் ஏற்றிவந்த பாட்டரி, கொழும்பிலிருந்து வந்த ஒற்றை வால்வு, காதில் மாட்டும் ஹெட்போன், மூங்கில் குழாயில் நானே செம்புக் கம்பி சுற்றிய காயில் என்ற சுருள், இவ்வளவுதான் என் "வயர்லெஸ்", அந்தக் காலத்து ரேடியோ. தொடங்கிவைத்தவன் என் அண்ணன். வேலை பாதியில் நிற்கும்போதே அவனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். "ஏரியலை உசரக் கட்டு, எர்த்தை ஈரத்துல புதை. நான் இருக்கிற ஊரு உனக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் குரல் வரப்போவதில்லை என்று தெரியும். அவன் ஊரின் சத்தமாவது வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஏரியலை வளவு முற்றத்துக்கு மேலே கூரைக்குக் கூரை இழுத்துக் கட்டியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வினை எர்த்தில் வந்தது. ஒரு செப்புத் தட்டில் கம்பியைப் பற்றவைத்து மண்ணில் புதைக்க வேண்டும். அந்த மண் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். கிணற்றடியைவிட ஈரம் வேறெங்கே கிடைக்கும்? மத்தியானம் வீடே கண்ணயர்ந்திருந்த வேளையில் கடப்பாரையை எடுத்துப்போய் ஒரு முழத்துக்குத் தோண்டி, தட்டைப் புதைத்து மூடினேன். கிணறு இருந்தது ஈசான மூலையில். வீடு கட்டும்போது பொன்னும் மணியும் பவளமும் வைத்துப் பூசை செய்து மூடிய இடம் அது. எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். என் மூளையில் அன்றைக்கு ஈரத்தைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை.

அது ஒரு வீடு, இரண்டு அடுப்பு. என் அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, பர்மாவில் இருந்தார். அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பச்சி, அங்கே தொழில் படுத்ததும் ஊர் திரும்பியிருந்தார். பாகப் பிரிவினைப் பேச்சு ஏற்கெனவே அடிக்கடி தலைகாட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் புது மண்ணைக் கண்ட பெரியப்பச்சியின் மனைவி பெரியாத்தா போட்ட கூச்சலில் இரண்டு அடுப்பும் அணைந்தன. "ஈசான மூலையில கடப்பாரை போட்டவ வெளங்குவாளா? சின்னப் புள்ளைக்குத் தானா வர்ற புத்தியா இது? ஆத்தாகாரி சொல்லாமயா தோண்டுனா?" என்றாள். என் ஆத்தா அஸ்திவாரப் பொன்னைத் திருடிவிட்டாள் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆத்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கிணற்றடிப் பக்கம் யாரும் போகக்கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது என்று பெரியப்பச்சி உத்தரவு போட்டார். பங்குனி வெயிலில் அந்த மண் பொரிந்துபோனது. மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பங்காளிகளை வளவில் கூட்டினார். மண்ணைக் கிளறிப் பார்த்துவிடுவது, பொன் குறைந்தால் மறுநாளே வீட்டைப் பிரிப்பது என்று பேச்சு. கிளறச் சம்மதிப்பதே களவை ஒப்புக்கொள்வதுபோல. கணவனின் அண்ணன் முன்னால் வாய் திறக்கும் வழக்கமில்லாத ஆத்தா, கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"வயர்லெஸ்ஸுக்குத்தான் பெரியப்பச்சி தோண்டுனேன். கேட்டுப் பாருங்க" என்றேன். ஆனால் அந்தப் பெட்டி அதுவரை எனக்கே ஒரு வார்த்தை பேசியதில்லை.

"காத்துல வர்ற பாட்டுக்கு மண்ணு எதுக்குடி?" என்று கேட்டபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் குமிழைத் திருகினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அடுப்புல உப்புப் போட்டாப்புல இருக்கு" என்றார். பெரியாத்தா சிரித்தாள். மறுபடி திருகினேன், அதே இரைச்சல்தான். கடப்பாரையோடு ஒருவர் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் காய்ந்த மண் நினைவுக்கு வந்தது. ஓடினேன். "புடிங்க அவளை!" என்று பின்னால் கூச்சல். வாளியை இறைத்து அந்த மூலையில் கொட்டினேன், இன்னொரு வாளியும் கொட்டினேன். திரும்பி வந்து குமிழை மெல்ல, மிக மெல்லத் திருப்பினேன். பெரியப்பச்சி சட்டென்று கையை உயர்த்தினார். வளவு அடங்கியது.

"நாகசுரம்" என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, "கொழும்புன்னு சொல்றான்" என்றார்.

பங்காளிகள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கடப்பாரை சுவரோரம் போனது. பெரியப்பச்சி ஹெட்போனைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு நினைவு தெரிந்து முதன்முறையாகக் கதவைப் பார்த்து நேராகப் பேசினார்: "வா ஆத்தா. ஒம் மகன் இருக்கிற ஊரு. நீயும் கேளு."

கதவுக்குப் பின்னாலிருந்து ஆத்தாவின் குரல் நடுங்காமல் வந்தது: "வேணாம். மூணு நாளா இந்தக் காது கேட்டதே போதும்."

வீடு பிரியவில்லை. தினமும் கிணற்றடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னது பெரியாத்தாதான். இன்று என் பேத்தி கையளவு டிரான்ஸிஸ்டரைச் சமையல்கட்டில் பாடவிட்டுக்கொண்டு அலைகிறாள். கூரைகளின் மேல் ஏரியல் கம்பிகளே இல்லை, எர்த் என்றால் அவளுக்கு என்னவென்றே தெரியாது. ஊரே வந்து கேட்டுப்போன என் வயர்லெஸ்ஸை, சாகும்வரை ஆத்தா ஒருநாளும் காதில் வைக்கவில்லை. அண்ணன் கொழும்பில் இருந்த அத்தனை வருஷமும்.